பெருவாயனைக் கூப்பிட்டவர்

தோணிக்காரி பிரகாசிக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு வயது அறுபத்தெட்டு. குருவுக்கு நாற்பத்தொன்று.

சீடர் என்ற சொல்லைத் தொம்மை ஒப்புக்கொள்ள மாட்டார். குரு, சாமியார், தீர்க்கதரிசி எல்லாரையும் தோலுரித்துத் துண்டுப் பிரசுரம் எழுதியவர் அவர். நாற்பது ஆண்டுகள் மீனவர் சங்கத்தின் தலைவர். ஆறு முறை சிறை போனவர். படித்ததெல்லாம் பிரசுரங்களில்தான் என்றாலும் கலெக்டரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர். அப்படிப்பட்டவர் இப்போது பிரகாசியின் தோணியில் உட்கார்ந்து, ஒழுகி வரும் தண்ணீரைத் தகர டப்பாவால் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். தலைவர் கடலை வற்றவைக்கப் போகிறார் என்று கரையில் வலை உதறுகிறவர்கள் சிரித்தார்கள். அவர் காதில் வாங்காதவர்போல இறைப்பார்.

அது தொடங்கிய விதம் இப்படி. சங்கம் உடைந்த பிறகு, இந்த நன்றிகெட்ட ஊரில் இனி இருப்பதில்லை என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அவள் தோணியில் ஏறினார். கழிமுகத்தின் நடுவில் பிரகாசி துடுப்பை நிறுத்தினாள்.

"அக்கரையில யாரு இருக்கா அண்ணாச்சி?"

தோணி அக்கரை சேர்ந்தும் அவர் இறங்கவில்லை. அவள் திரும்பத் துடுப்பு வலித்தாள். மறுநாள் காலை தோணித்துறையில் அவர் டப்பாவோடு நின்றார். எட்டு மாதம் ஆகிறது.

ஒரு புதன்கிழமை விடிந்ததும் தொம்மை ஒரு வலைப்பொதியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பொதியை இறக்கியதும் தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

பிரகாசி பொதியைப் பார்த்தாள். "கிழிஞ்ச வலைக்கு இவ்வளவு கனமா?"

"உள்ள நங்கூரச் சங்கிலி இருக்கு" என்றார் தொம்மை. "பெருவாயனுக்கு."

அவள் வேண்டாம் என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தார். அதற்கான பதிலை இரவெல்லாம் தயாரித்து வைத்திருந்தார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

பெருவாயன் ஓர் எந்திர மீன். இரண்டு தோணி நீளம், சுறா மூக்கு, இரும்புத் தோல். கடலில் அறுந்து மிதக்கும் வலைகளைத் தின்று கடலைச் சுத்தம் செய்யட்டும் என்று எந்த நாடோ செய்து விட்ட உயிர், விட்டவர்களாலேயே மறக்கப்பட்டு, இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு புயலில் இந்தக் கழிமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. தின்பதுதான் அதற்கு எரிபொருள். நைலான் வலை, கயிறு, மிதவை, எது கிடைத்தாலும் அதன் தொண்டையிலுள்ள பல்சக்கரங்கள் அரைத்துவிடும். எவ்வளவு தின்றாலும் பசிக்கும். கடைசியாக யார் தீனி கொடுத்தார்களோ அவர்கள் சொன்னதைச் செய்யும்.

அதற்கு முதல் வாய் வலையைக் கொடுத்தவன் கயத்தான். தொம்மையோடு இரண்டு முறை சிறையிலிருந்தவன், முப்பது வருடத் தோழன். ஆனால் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்தபோது, சங்கத்துக்கு என்று தொம்மை தீர்மானம் போட்டார். முன்னூறு வீட்டிலிருந்தும் தினம் ஒரு கைப்பிடி கிழிந்த வலை வரும். தொம்மை கரையில் நின்று, "கடல் யாருக்கு?" என்று குரல் கொடுப்பார். கூட்டம், "உழைப்பவருக்கு" என்று திருப்பிச் சொல்லும். மூன்று முறை. அதன் பிறகுதான் தீனி. கொஞ்ச நாளில் முதல் குரலுக்கே பெருவாயன் நீரைக் கிழித்துக்கொண்டு வரத் தொடங்கியது. எந்திரம்கூட நம் கோஷத்தைப் புரிந்துகொள்கிறது என்று அவர் ஒரு பிரசுரம் எழுதினார்.

பதினோரு மாதம். மணல்திட்டில் மாட்டும் படகுகளை அது முட்டித் தள்ளிக் கடலில் விட்டது. துறைமுகம் கட்ட வந்த கம்பெனியின் மண்வாரிக் கப்பலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஆழத்தில் விட்டது. வேலை முடிந்தால் கரைக்கு வந்து, தொம்மையின் காலடியில் மூக்கை வைத்துக்கொண்டு அடிவயிற்றில் ஒரு சத்தம் போடும். தேனடை அருகில் காதை வைத்தால் கேட்கும் சத்தம். மனைவி இறந்த பிறகு அவர் காலடியில் வேறெதுவும் வந்து கிடந்ததில்லை. இன்றைக்கும் படுத்தால் அந்தச் சத்தம் அவர் காலில் ஏறுகிறது.

இப்போது அது கம்பெனியின் படகுத்துறையில் கிடந்தது. சனிக்கிழமை, கடலில் கல் அடுக்கிக் கழிமுகத்தின் வாயை அடைக்கப் போகிறார்கள். கல் இழுக்கப் போவது பெருவாயன். அடைத்துவிட்டால் ஊரிலிருந்து ஒரு படகும் கடலைப் பார்க்காது. தடுப்பதற்குத் தொம்மையிடம் சங்கம் இல்லை. ஒவ்வொருவராகக் கம்பெனி பக்கம் சாய்ந்தது போக ஏழு பேர் மிச்சம். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது.

"கொன்னுடலாம்னு முடிவு பண்ணிட்டேன், தாயி" என்றார். "சங்கிலி உள்ள போனா பல்சக்கரம் உடைஞ்சிரும். துரோகிக்கு அதுதான்."

பிரகாசி வலித்துக்கொண்டே, அது எப்படித் துரோகியானது என்று கேட்டாள். ஊருக்கே தெரிந்த கதைதான். இருந்தாலும் கேட்டாள்.

அவர் சொன்னார். ஒருநாள் கம்பெனிப் படகிலிருந்து வீசிய ஒரு கட்டு நைலானைப் பெருவாயன் தின்றுவிட்டது. அதைப் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். சங்கம் என்றால் விதி உண்டு, விதி எல்லாருக்கும் ஒன்று. அதற்கு முந்தைய மாதம்தான், மீன்பிடித் தடைக்காலத்தில், கம்பெனி கொடுத்த அரிசி மூட்டையை வாங்கியதற்காகக் கயத்தானை விதி ஒன்பதின்படி நீக்கியிருந்தார். நோட்டீஸை வாங்கிப் படிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா தோழர்?" என்று கேட்டுவிட்டுப் போனான் அவன். தோழனுக்கு ஒரு நியாயம், மீனுக்கு ஒரு நியாயமா? பெருவாயனுக்கும் ஒரு நோட்டீஸ் தயாரித்தார். கரையில் நின்று கைமைக்கில் வாசித்தார். மேற்படி செயல் விதி ஒன்பதுக்கு முரணானது என்பதால் முப்பது நாள்களுக்குத் தீனி நிறுத்திவைக்கப்படுகிறது.

"வாசிச்சு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறந்துகிட்டே இருந்துச்சு" என்றார். "கோஷம்னு நினைச்சிருக்கும்."

பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நோட்டீஸ் கொடுத்த அன்னைக்கே கம்பெனிக்குப் போயிட்டுதா?"

தொம்மை டப்பாவை எடுத்து இறைக்கத் தொடங்கினார். தோணியில் இறைக்கிற அளவுக்குத் தண்ணீர் இல்லை.

"அண்ணாச்சி."

"நாலு நாள் நின்னுச்சு."

"எங்க?"

"அதே இடத்துல. வாயைத் திறந்துகிட்டு."

"நீங்க?"

"படகு மறைவுல நின்னு பார்த்தேன்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான்காம் நாள் மாலை அதன் வாய் பாதிதான் திறந்திருந்தது. விளக்கு மங்குவதுபோல அந்தச் சத்தம் குறைந்துகொண்டே போனது. ஒரு கைப்பிடி வலை அவர் இடுப்புத் துண்டில் இருந்தது. போட்டிருக்கலாம். சங்கத்தின் பொதுச்செயலாளர் பார்த்துவிட்டால் விதி என்ன ஆவது என்று போடவில்லை. ஐந்தாம் நாள் விடிந்தபோது அந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்குப் பெரிய அவமானம். சங்கத்தின் கோஷத்தைத் தவிர வேறெதற்கும் பெருவாயன் வராது என்று கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் தினமும் காலை, மாலை கம்பெனியின் சூப்பர்வைசர் ஒலிபெருக்கியில், "கடல் யாருக்கு?" என்று கேட்கிறான். சம்பள ஆள் இரண்டு பேர், "உழைப்பவருக்கு" என்கிறார்கள். மூன்று முறை. பிறகு ஒரு கட்டு நைலான். ஒரே ஒரு கட்டு. முன்னூறு வீட்டு வலை தின்ற வயிற்றுக்கு அது பாதிகூட இல்லை. கம்பெனிக்கு மீனைப் பற்றியும் தெரியும், மனிதனைப் பற்றியும் தெரியும். நிறைந்த வயிறு சொன்ன பேச்சு கேட்காது.

தொம்மை டப்பாவைக் கீழே வைத்தார்.

"தாயி, ஒண்ணு கேக்கேன். நாப்பது வருசம் கூப்பிட்டேன். முன்னூறு பேர் வந்தாங்க, போனாங்க. அரிசி கொடுத்தா அங்க, வலை கொடுத்தா இங்க. வெறுங்கையோட நின்னு கூப்பிட்டாலும் வர்ற ஒண்ணு, ஒரே ஒண்ணு, இந்த உலகத்துல உண்டா?"

கழிமுகத்தின் நடுவுக்கு வந்திருந்தார்கள். பிரகாசி துடுப்பைத் தோணிக்குள் எடுத்து வைத்தாள்.

"கூப்பிடுங்க" என்றாள்.

"இங்கிருந்தா? கம்பெனித் துறையில கிடக்கு. வராது."

"வரலைன்னா உங்க சங்கிலி மிச்சம்."

அவர் எழுந்து நின்றார். தோணி ஆடியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு வருடமாக அந்த வார்த்தைகள் அவர் வாயில் வரவில்லை. ஒலிபெருக்கி எச்சில் பண்ணிவிட்ட வார்த்தைகள்.

"கடல் யாருக்கு?"

திருப்பிச் சொல்லக் கூட்டம் இல்லை. பிரகாசி துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் குரல் அவ்வளவு பெரிய தண்ணீரின் மேல் போய், கிழவன் குரலாகத் திரும்பி வந்தது. உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தார்.

அப்போது படகுத்துறைப் பக்கம் நீர் பிளந்தது.

நேராக வந்தது. முன்பு வந்த அதே வேகம். தோல் முழுக்கத் துரு ஏறி, ஒரு பக்கம் கல் இழுத்துப் பழக்கிய கயிற்றின் தழும்பு. தோணிக்கு ஒரு முழம் தள்ளி நின்று வாயை அகலத் திறந்தது. உள்ளே பல்சக்கரங்கள் மெல்லச் சுழன்றன. வெறுமனே சுழன்றன.

தொம்மை பொதியைத் தூக்கினார். நெஞ்சளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றார். பிரகாசி அவரைப் பார்க்கவில்லை. தடுக்கவும் இல்லை.

பெருவாயன் காத்திருந்தது. அந்த நான்கு நாளும் காத்திருந்த மாதிரியே.

பொதியைக் கீழே வைத்து முடிச்சை அவிழ்த்தார். ஈரக் கயிறு, விரலுக்கு மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். வலையை உதறிச் சங்கிலியைத் தனியே எடுத்தார். அது தோணியின் அடிப்பலகையில் பெரும் சத்தத்தோடு விழுந்தது. வலையைச் சிறு சிறு கையாகப் பிரித்து, அதன் வாயில் போட்டார். அவருடைய சொந்த வலை. வீட்டில் மிஞ்சியிருந்த கடைசி வலை. தின்று முடிக்கும்வரை ஒவ்வொரு கையாகப் போட்டார்.

பெருவாயன் மூக்கைத் தோணியின் விளிம்பில் வைத்தது. சத்தம் தொடங்கியது. பலகை வழியாக அது அவர் பாதத்தில் ஏறி முழங்காலுக்கு வந்தது. தொம்மை கண்ணை மூடிக்கொண்டார். துருப்பிடித்த அந்த நெற்றியில் கை வைத்தார். அது சூடாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. படகுத்துறையிலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. கடல் யாருக்கு என்று சூப்பர்வைசர் கேட்டான். கூலிக்குச் சொல்லும் இரண்டு குரல்கள் பதில் சொல்லின.

சத்தம் நின்றது. விளிம்பிலிருந்து மூக்கு நழுவியது. பெருவாயன் திரும்பி, வந்த வழியே போனது. அது போன தடம் கொஞ்ச நேரம் நீரில் கிடந்தது.

தொம்மையின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"பார்த்தியா தாயி" என்றார். குரலில் மேடை இல்லை. "போயிட்டுது."

"பார்த்தேன். வந்ததையும் பார்த்தேன்."

அவள் துடுப்பை எடுத்து ஊர்ப்பக்கமாகத் தோணியைத் திருப்பினாள். கரையில் வீடுகள் தெரிந்தன. ஒவ்வொரு வீட்டு வேலியிலும் கிழிந்த வலைகள் கற்றை கற்றையாகத் தொங்கின. ஒரு வருடமாக அவற்றைக் கேட்டு வாங்க ஆளில்லை. அந்தத் தெருக்களில் தொம்மை நடந்தே நாளாகிவிட்டது. எதிரில் யாராவது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவரா அவர்களா என்பது அவருக்கே மறந்துவிட்டது.

பாதி தூரம் வந்த பிறகு அவர் கேட்டார்.

"நாளைக்கும் கூப்பிட்டா வருமா?"

"நாளைக்கும் பசிக்கும்."

"நாளைக்குக் கொடுக்க எங்கிட்ட வலை இல்ல, தாயி."

பிரகாசி இரண்டு துடுப்பு வலித்தாள்.

"கயத்தான் வீட்டு வேலியில கிடக்கு" என்றாள். "கேக்கப் போகும்போது வெறுங்கையோட போகாதீங்க, அண்ணாச்சி."