காத்துல போட்ட தெரு

ஒரு ஊர்ல ஒரு பெரிய்ய கட்டடம். அதுக்கு எதுக்கவே அதே மாதிரி இன்னொன்னு. ரெண்டும் ஒன்ன ஒன்னு முறைச்சுக்கிட்டு நிக்கும். ஆத்தோரம் குடிசை போட்டிருந்த சனங்கள லாரியில ஏத்திக் கொண்டாந்து, பாதிப் பேர இதுல, பாதிப் பேர அதுல அடைச்சுட்டாங்க. ம் கொட்டுடா. ஆங், அப்படி.

இந்தக் கட்டடத்துல அஞ்சாவது மாடியில எஸ்தர்னு ஒரு பொண்ணு. கிரில் பட்டறையில வெல்டிங் வேலை. எதுத்த கட்டடத்துல, அதே அஞ்சாவது மாடியில ஷகிலாக்கா. அம்மா இல்லாத எஸ்தருக்குச் சோறு போட்டு வளத்தவங்க. முன்னாடி ஆத்தோரக் குடிசையில ரெண்டு பேருக்கும் ஒரே சுவர்தான் நடுவுல. இப்போ? பால்கனியில நின்னா முகம் தெரியும், கை எட்டாது. லிப்டோ, வந்த நாள்லயே படுத்துடுச்சு. ஷகிலாக்கா படியில வழுக்கி, டமடமடமன்னு உருண்டு, இடுப்ப ஒடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் கீழயே இறங்கல.

"எஸ்தரு, இந்தக் கூண்டுலயே என் உசுரு போயிரும் போலடி"ன்னு ஒரு நாள் அங்கேருந்து கத்தினாங்க.

"நீங்க இறங்க வேணாங்க்கா. தெருவ நான் மேல கொண்டாரேன்"னா எஸ்தர்.

அப்புறம் என்ன பண்ணா? ரெண்டு பால்கனிக்கும் நடுவுல கயிறு கட்டி, ஒரு கூடைய ஓட விட்டா. கிறீச், கிறீச்! இங்கேருந்து மீன் குழம்பு போகும், அங்கேருந்து மருதாணி வரும். அப்போ தண்டபாணின்னு ஒரு ஆபீசர் வந்தாரு. அந்தக் கட்டடம் ரெண்டுக்கும் அவருதான் அதிகாரி. "அசிங்கமா இருக்கு"ன்னு சரக்குனு கயித்த அறுத்தாரு. கூடை நேராப் போய், தொப்! அவரு ஜீப்பு மேலயே.

சிரிக்காத, தூங்கு. ம்?

அப்புறம் எஸ்தர் மேசை டிராயர் மாதிரி ஒரு பாலம் செஞ்சா. தள்ளினா சர்ர்ருனு அந்தப் பக்கம் போகும், இழுத்தா உள்ள வந்துரும். ஜீப்பு சத்தம் கேட்டா சர்ர்ர், உள்ள. ஜீப்பு போனா சர்ர்ர், வெளிய. ஆனா ஒரு நாள் எஸ்தர் பாலத்து மேல நின்னு, பால்கனியில இருந்த ஷகிலாக்கா கையில டீ வாங்கறப்போ, ஆபீசரு நடந்தே வந்துட்டாரு. பாலத்தக் கழட்டித் தட தடன்னு வேன்ல ஏத்திட்டாரு.

அன்னைக்குத்தான் எஸ்தர் அழுதா. அழுது முடிச்சு மூக்கச் சிந்திட்டு, ரெண்டு பக்கமும் அஞ்சாவது மாடி முழுக்க வீடு வீடாப் போய்க் கதவத் தட்டினா. "இனிமே ஒளிச்சு வைக்கப் போறதில்ல. இரும்பு குடுங்க"ன்னா.

இரும்புக்கு எங்க போவாங்க? ஆளுக்கொரு கட்டில் இருந்துச்சு. அதக் குடுத்தாங்க.

அப்போ பட்டறைக்காரங்க எல்லாரும் வந்தாங்க. அடியில அவங்க கொண்டாந்த கனமான உத்தரம், மேல கட்டில் சட்டம், ரெண்டு பக்கமும் இடுப்புக்கு மேல கம்பி. பட்டப்பகல்ல, சர் சர்ருனு பொறி பறக்க, ஒரு வண்டியே போற அகலத்துக்குத் தெரு. விழுந்துட மாட்டாங்களான்னு கேக்குற. மணல் மூட்டையா அடுக்கிப் பாத்தாங்கடா. ஒரு முனகல் இல்ல.

ஆபீசரு வெட்டுற மிஷினும், அத ஓட்ட ஒரு ஆளுமா வந்தாரு. "கழட்டு"ன்னாரு.

"மாட்டேன்"னா எஸ்தர்.

"இது யாரு இடம் தெரியுமா?"

"கட்டடம் உங்களது. நடுவுல இருக்கிற காத்துக்கு யாரு சார் பட்டா வச்சிருக்கா?"

"கட்டிலெல்லாம் போச்சே, எங்க படுப்பீங்க?"

"தரையில படுக்குறோம்"னு ரெண்டு பக்கத்து அஞ்சாவது மாடியும் சேர்ந்து கத்துச்சு.

அப்போ டக்... டக்... டக்... ஷகிலாக்கா தடி ஊனி வந்தாங்க. மூச்சு வாங்குது. தெருவோட நட்ட நடுவுல வந்து, சம்மணம் போட முடியாம காலை நீட்டி உக்காந்துட்டாங்க. பின்னாடியே அந்தப் பக்கத்துச் சனம், இந்தப் பக்கத்துச் சனம், ஆடு ஒன்னு கூட.

"வெட்டுடா"ன்னாரு ஆபீசரு.

மிஷின்காரரு மிஷின அணைச்சுட்டாரு. "ஆளுங்க உக்காந்திருக்கிற தெருவ நான் வெட்ட மாட்டேன் சார்."

ஆபீசரு "மறுபடி வருவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

"வரட்டும்"னாங்க ஷகிலாக்கா. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மூணாவது மாடியில ஒரு சத்தம். கரகரகரன்னு. என்ன சத்தம்ங்கிற? அவங்க மாடியிலயும் தெரு போடக் கட்டில இழுத்துட்டு வராங்க.

தெருவும் போட்டாச்சு, கதையும் சொல்லியாச்சு. கண்ண மூடு, தங்கம்.