எட்டுப் பேனலும் ஒரு வாளித் தண்ணீரும்

அரிசி மில் முதலாளி அணைஞ்சபெருமாள் எட்டு சோலார் பேனலைத் தன் கையாலேயே செய்து, வயர் இணைப்பும் தானே கொடுத்திருந்தார். கரண்ட் லைனோடு சேர்கிற இன்வெர்ட்டர்தான் கண்ணே திறக்கவில்லை.

வயர்மேன் இருளப்பனுக்கு மூன்று நாளாக இதே ரோதனை.

"மொதலாளி, ஒரு பேனலுக்குப் பதினெட்டு வோல்ட். பக்கத்துல பக்கத்துல சேர்த்தா எட்டுக்கும் அதே பதினெட்டுதான். இந்த இன்வெர்ட்டர் முழிக்க நூத்திருபது வேணும். ஒண்ணோட வாலை அடுத்ததோட தலையில கோர்க்கணும்."

"ஏலே, என் வார்த்தை இல்லாம வயர்ல கை வைக்கப்படாது! நாளைக்கு ஊரே பாக்க வருது. ஓடலைன்னா மில்லுப் பக்கம் தலை காட்டாதே!"

மறுநாள் உச்சிவெயிலில் ஊர் கூடியது. இன்வெர்ட்டர் அசையவில்லை. முதலாளிக்கு நாக்கு வறண்டது.

"கிணத்துல தண்ணி எறைச்சுட்டு வால!"

இருளப்பன் மூட்டை கட்டும் துண்டுக் கயிறு எட்டைச் சேர்த்துப் பிடித்து, வாளியைக் கட்டி இறக்கினான். வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

"எட்டுக் கயிறு மொதலாளி! அப்பவும் தண்ணியைத் தொட மாட்டேங்குது."

"மடப்பயலே! சேர்த்துப் பிடிச்சா நீளுமால? ஒண்ணோட நுனியில அடுத்ததை முடி!"

"இந்த வார்த்தைக்குத்தான் மூணு நாளா காத்துக் கிடந்தேன்" என்று வாளியைப் போட்டுவிட்டு, இருளப்பன் பேனல்களுக்குப் போய் வயரை மாற்றிக் கோர்த்தான். சற்று நேரத்தில் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

"யாரைக் கேட்டுல மாத்தினே?" முதலாளி பல்லைக் கடித்தார்.

"நீங்க சொன்னதை ஊரே கேட்டுச்சே மொதலாளி. கயிறு அங்கனதான் கிடக்கு. தண்ணியை நீங்களே எறைச்சுக்கோங்க."