பிராக்கெட்டுக்குள் கிடந்த வார்த்தை

"வேதத்துல இளைப்பாறுதல் இருக்கு, பெலன் இருக்குன்னு பிரசங்கம் பண்ணுதீங்க. நான் ஆதியாகமத்துல ஆரம்பிச்சு கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிட்டேன். எனக்கு ஒண்ணும் கிடைக்கல."

ஞானப்பூ சர்ச்சுக்குள் வந்த வேகத்தில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலுக்கு வெளியே கிடந்தது, ஒன்று உள்ளே.

உபதேசியார் பெஞ்சு மேல் ஏறி நின்று, ஞாயிறு ஆராதனைக்கான பாட்டு நம்பர்களைப் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது மாதிரிச் சின்னச் சபைக்குக் குருவானவர் எப்போதாவது ஒரு ஞாயிறு வருவார், திருவிருந்து கொடுப்பார், போய்விடுவார். மற்றபடி ஜெபம், பிரசங்கம், துட்டி வீட்டு அடக்கம், அண்ணன் தம்பி சண்டை எல்லாம் உபதேசியார் தலையில்தான். இவர் பெயர் யோவேல். வயது ஞானப்பூவின் மகனைவிடக் கொஞ்சம் குறைவு. தாடி முளைத்த பிறகு அனுப்பியிருக்கலாமே என்று எங்கள் சபையில் கேலி உண்டு.

இன்னொரு குறையும் உண்டு. வேதத்திலிருந்து சங்கீதம் வாசித்தால் நடுநடுவே நின்றுவிடுவார். கண்ணாடியை மறந்துவிட்டாரா, வரி தப்பிவிட்டதா என்று முதலில் ஆளாளுக்குப் பதறினோம். கோயில்குட்டியார், அதுதான் மணியடிக்கிறவர், முன்வரிசையிலிருந்து அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பார். உபதேசியார் சிரிப்பார், தொடர்வார், வேறோர் இடத்தில் மறுபடி நிற்பார். வீட்டில் கறிக்குழம்பு காத்துக்கிடக்கிற ஞாயிற்றுக்கிழமையில் இப்படிச் செய்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அன்றைக்கு நான் பின்னால் பாய் உதறிக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாம் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

"எப்படி வாசிக்கீங்க அக்கா?" என்று கேட்டார் உபதேசியார்.

அவள் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்கள் சபையில் ஒரு வருஷத்துக்குள் வேதாகமம் முழுவதையும் முடிக்கிறவர்களுக்கு அறுப்பின் பண்டிகையில் பரிசு உண்டு. போன வருஷம் எவர்சில்வர் தூக்குவாளி வாங்கியவள் அவள்தான். உலை கொதிக்கிறதற்குள் ஓர் அதிகாரம், பஸ் வருகிறதற்குள் ஓர் அதிகாரம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் அவளுக்கு. பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற நேரத்தில் இன்னும் ஒன்று. மற்றவர்கள் தடுக்கி விழுகிற லேவியராகமத்தை அவள் கீரை ஆய்ந்துகொண்டே முடித்திருந்தாள்.

"இவ்வளவு வாசிச்சும் நேத்து என்ன செஞ்சேன் தெரியுமா?"

அவர் நம்பர் அட்டையைக் கையில் வைத்தபடி திரும்பினார்.

"அவுகளை அடிக்கக் கை ஓங்கிட்டேன்."

உபதேசியார் பெஞ்சிலிருந்து இறங்கினார்.

அவுக என்றது அவள் புருஷன் தங்கப்பழம். அந்த மனுஷன் பேசிக் கேட்டிருக்க வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை நாக்காலேயே ஆட்டுக்குட்டி விலைக்கு ஏற்றிவிடுவார். வாங்கினவனும் சிரித்துக்கொண்டேதான் தூக்கிப் போவான். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பக்கவாதம் வந்தது. வலது கை போனது, வலது கால் போனது, பேச்சும் போனது. அவ்வளவு பேசின வாயில் ஒரே ஒரு சத்தம் மிச்சம் நின்றது.

சா.

முதலில் சாயா கேட்கிறார் என்று நினைத்தாள். எங்கள் பக்கம் டீயைச் சாயா என்றுதான் சொல்வோம். போட்டுக் கொண்டுவந்தாள். தள்ளிவிட்டார். சாப்பாடோ என்று தட்டை வைத்தாள். தட்டையும் தள்ளினார். சாவியா, சாக்கா, என்று கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டாள். மகன் பெயர் சார்லஸ். அவனைக் கேட்கிறாராக்கும் என்று போன் போட்டுக் காதில் வைத்தாள். தலையை ஆட்டி அதையும் வேண்டாம் என்றுவிட்டார்.

பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். எல்லாம் போனபின் மிச்சம் இருந்தது ஒரே அர்த்தம். செத்துப்போ என்கிறார்.

நினைத்துப் பாருங்கள். குளிப்பாட்டி, துடைத்து, வேட்டி மாற்றி, வாயில் கஞ்சி ஊட்டுகிறவளைப் பார்த்து ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சா, சா. அவளும் விடவில்லை. வார்த்தை அவர் வாயிலிருந்து விழுகிறதற்குள் பதில் கொடுத்துவிடுவாள். "சாகத்தான் போறேன், கொஞ்சம் பொறுங்க" என்பாள். அக்கம்பக்கத்தில் எங்களுக்கெல்லாம் கேட்கும்.

"நேத்தும் கஞ்சித் தட்டைத் தள்ளிட்டு என் மூஞ்சியைப் பாத்து அதையேதான் சொன்னாவ. கை தானா மேல போயிட்டு. அவுக கண்ணை மூடிக்கிட்டாவ, உபதேசியாரே. அடிக்குப் பயந்து சின்னப்பிள்ள கண்ணை மூடுமே, அப்படி. அடிக்கல. ஆனா இன்னைக்கு அடிச்சிருவேன். என்னைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உதறின பாயை மறுபடி உதறுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

உபதேசியார் ஒரு தேறுதல் வார்த்தை சொல்லவில்லை. வேதாகமத்தை எடுத்து நாற்பத்தாறாம் சங்கீதத்தை விரித்து அவள் கையில் கொடுத்தார்.

"வாசிங்க அக்கா."

அவளுக்கு அது தலைகீழ்ப் பாடம். தேவன் அடைக்கலமும் பெலனுமானவர் என்று தொடங்கும் சங்கீதம். கடல் பொங்கினாலும் மலைகள் அதிர்ந்தாலும் பயமில்லை என்று வரும். பிறகு நதி வரும், நகரம் வரும். அழுத மூச்சோடு ஒரே ஓட்டமாக ஓடி முடித்தாள்.

"ஒரு வார்த்தையை விட்டுட்டீங்க."

"நானா? எனக்கு மனப்பாடம்."

"பாருங்க."

விரல் வைத்துத் தேடினாள். கடல் பொங்கி மலை அதிர்ந்த வரியின் கடைசியில் பிராக்கெட்டுக்குள் கிடந்தது. சேலா.

"இதையா சொல்லுதீங்க? இதை யாரு வாசிப்பா? சின்ன வயசுல சீலாங்கிற மாதிரி யாரோ பொம்பளப் பேருன்னு நினைச்சிட்டு இருந்தேன். பிராக்கெட்டுல போட்டா விட்டுரலாம்னு ஞாயிறு பள்ளியிலயே சொல்லிக் குடுத்தாங்க."

"இன்னொருக்க வாசிங்க."

வாசித்தாள். அந்த இடம் வந்ததும் "சேலா" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள்.

"இப்பவும் விட்டுட்டீங்க."

ஞானப்பூவுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. உச்சரிப்பில் குறை கண்டுபிடிக்கிறார் என்று நினைத்தாள் போல. மூன்றாவது தடவை அந்த வார்த்தையைக் கூரைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். மேலே இருந்த புறா ஒன்று பறந்தே போய்விட்டது.

உபதேசியார் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

"நான் வாசிக்கேன்."

மெதுவாக வாசித்தார். கடல் பொங்கியது. மலை அதிர்ந்தது. நின்றார். வாய் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. பார்வை புத்தகத்திலேயே இருந்தது. ரோட்டில் தண்ணி லாரி ஒன்று வந்து, நின்று, மறுபடி கிளம்பிப் போனது. அவர் அசையவில்லை.

ஞானப்பூவால் பொறுக்க முடியவில்லை. "ஒரு நதியுண்டு" என்று அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தாள்.

அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தெரியாது."

"படிச்சுட்டுத்தானே வந்தீங்க?"

"படிக்கப் போன இடத்துல ஆளுக்கொண்ணு சொன்னாங்க. பாடுறதை நிப்பாட்டுற இடம்னு ஒருத்தர், வாத்தியத்தை உசத்துற இடம்னு ஒருத்தர். எழுதினவர் என்ன நினைச்சார்னு யாருக்கும் தெரியாதுக்கா."

"பிறகு எதுக்கு நிக்கீங்க?"

"தெரியாத வார்த்தைன்னுதான் நிக்கேன்."

ஞானப்பூ எழுந்துவிட்டாள்.

"நான் பெலன் கேட்டு வந்தேன். ஒரு பிராக்கெட்டைக் கையில குடுத்து அனுப்புதீங்க."

"ஆமாக்கா" என்றார் உபதேசியார். பெஞ்சு மேல் ஏறி மிச்ச நம்பரை மாட்டப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர் மேல் கோபம்தான். தலையில் கை வைத்து ஒரு சின்ன ஜெபமாவது பண்ணி அனுப்பியிருக்கலாம். பழைய உபதேசியாராக இருந்தால் கூடவே வீட்டுக்குப் போயிருப்பார். அந்த வயிற்றெரிச்சலோடு நானும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தேன்.

மீதி அவளே எனக்குச் சொன்னது.

வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டாள். கஞ்சி வைத்தாள், துவையல் அரைத்தாள். தங்கப்பழத்தைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, தட்டை அவர் முன்னால் வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஊட்டக் கையை நீட்டினாள்.

அவர் இடது கையால் தட்டைத் தள்ளினார்.

"சா."

அவள் கை மேலே எழும்பியது. அவர் கண்ணை மூடினார்.

இன்றைக்கு அடித்தேவிடப் போகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்ததாம். கைக்கு வேறு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும். பக்கத்து ஸ்டூலில் வேதாகமம் இருந்தது. அதை எடுத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரித்தாள். அந்த உபதேசியார் மேல் இருந்த ஆத்திரத்தில் அதே சங்கீதத்தையே எடுத்தாள்.

வாசித்தாள். கடல் பொங்கியது, மலை அதிர்ந்தது. பிராக்கெட் வந்தது.

சரி, நிற்கிறேன், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று நின்றாள். பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை, வெறும் வீம்பு. அந்தச் சின்னப் பையன் நின்ற அளவுக்காவது நின்றுகாட்ட வேண்டும் என்கிற வீம்பு.

வீட்டில் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் மூடியைத் திறந்தது கேட்டது. இந்த வீட்டில் தன் வாய் கடைசியாக எப்போது சும்மா இருந்தது என்று யோசித்துப் பார்த்தாளாம். ஞாபகம் வரவில்லை.

தங்கப்பழம் கண்ணைத் திறந்தார்.

"சா" என்றார்.

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிராக்கெட் இன்னும் முடியவில்லை. விழுங்கிக்கொண்டாள்.

அவர் அவள் வாயையே பார்த்தார். அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. குனிந்து அந்த இரண்டெழுத்தையும் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சா…"

இந்தத் தடவை அவர் உதடு இரண்டும் ஒட்டின. ஒட்டினது பிரியவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியெல்லாம் வேர்த்தது. அவளுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டும் போல் பதைத்தது. என்ன எடுத்துக்கொடுப்பது என்று தெரியவில்லை. புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"ப்…"

இடது கை தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளியது. தட்டு நகர்ந்து வந்து அவள் முழங்காலில் இடித்து நின்றது.

"…டியா?"

ஞானப்பூ புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"இல்லங்க" என்றாள். "இன்னும் சாப்பிடல."