ஜெபராஜ் சாரின் மெஷின்

சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பது நிறையவில்லை.

சீடரின் பெயர் சுடலைமுத்து. பாளையங்கோட்டையில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். குருவின் பெயர் ரஹ்மத் நிஷா. ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், கேம் விளையாடுகிறவர்களுக்கும் படம் எடிட் செய்கிறவர்களுக்கும் அவரவர் வேலைக்குத் தக்கபடி பார்ட்ஸ் பார்த்து மெஷின் கட்டித் தருவது அவர் தொழில்.

ஒரு காலையில் சுடலைமுத்து கேட்டார்.

"டீச்சர், நான் எப்ப தனியா ஒரு மெஷின் கட்டலாம்?"

நிஷா அலமாரியிலிருந்து கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினார்.

"இதுல எது எதோட சேராது, அண்ணாச்சி?"

சுடலைமுத்து எதையும் தொடவில்லை. பார்த்தபடியே சொன்னார்.

"இந்த ப்ராசஸர் இந்த போர்டுல உக்காராது. இந்த ராம் மெமரி போன தலைமுறை. ப்ராசஸர் சூட்டைத் தணிக்கிற இந்தக் கூலர் உசரம் ஜாஸ்தி, கேபினெட் கதவு மூடாது. அந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்த பவர் சப்ளை பத்தாது. கேம் சூடு பிடிக்கிற நேரத்துல மெஷின் அணைஞ்சு போயிரும்."

நிஷா சிரித்தார்.

"அடுத்து யார் படியேறி வந்தாலும் உங்க ஆளு."

அன்று மதியம் படியேறி வந்தவர் ஜெபராஜ். மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஒரு கையில் வெள்ளைக் கோல், இன்னொரு கை மனைவி எஸ்தரின் தோளில். பிறவியிலேயே அவருக்குப் பார்வை கிடையாது.

"சண்டை கேம் ஆடுவேன் சார்" என்றார் ஜெபராஜ். "பழைய மெஷின் புட்டுக்கிச்சு. ஞாயித்துக்கிழமை ஆன்லைன் போட்டியோட ஃபைனல்."

சுடலைமுத்து எஸ்தரின் முகத்தைப் பார்த்தார். அந்தத் தயக்கம் ஜெபராஜுக்குப் பழக்கமானதுதான்போல.

"காதால ஆடுறது சார். எதிராளி குதிச்சா ஒரு சத்தம், பின்வாங்குனா ஒரு சத்தம், கையை ஓங்குனா வேற சத்தம். இடது காதுல கேட்டா ஆள் இடது பக்கம். அதனால மெஷின் மட்டும் கத்தக்கூடாது. மத்தபடி உங்க இஷ்டம்."

சுடலைமுத்துவுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "சனிக்கிழமை வாங்க சார்" என்று அனுப்பிவைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் அவர் எடுத்து வைத்திருந்ததை நிஷா வந்து பார்த்தார்.

"கிராஃபிக்ஸ் கார்டு எங்க?"

"பார்க்காத மனுஷனுக்கு அது எதுக்கு டீச்சர்? அந்தச் செலவை நல்ல சவுண்டுல போடலாம்."

"அவர் பார்க்கலைன்னு கேம் படம் போடாம இருக்குமா?"

சுடலைமுத்து ஒரு நிமிடம் யோசித்தார். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கேம் படம் வரைந்துகொண்டேதான் இருக்கும். வரைவதில் திணறினால் சத்தமும் சேர்ந்து திணறும். எதிராளி கையை ஓங்கிய சத்தம், அடி விழுந்த பிறகுதான் ஜெபராஜின் காதுக்கு வரும்.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நானே அவரைத் தோக்கடிச்சிருப்பேன்!"

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். சூடாகாத, அளவான ஒரு கார்டு. அதற்கு ஏற்ற பவர் சப்ளை. மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்கள். பெரிய கூலர் வைத்ததும் அது ராமின் தலையில் இடித்தது, குட்டையான ராம் தேடி மாட்டினார். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குகளும் கொண்ட கேபினெட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, உள்ளே பஞ்சு ஒட்டிய கறுப்பு இரும்புக் கேபினெட்டை எடுத்தார்.

எல்லாம் மாட்டி ஆன் செய்தார். காதை வைத்துக் கேட்டார். சீலிங் ஃபேன் சத்தம்தான் கேட்டது. அதை அணைத்துவிட்டு மறுபடி கேட்டார். ஒன்றுமே கேட்கவில்லை.

"டீச்சர், ஓடுது! ஓடுறதே தெரியாம ஓடுது!"

நிஷாவும் காதை வைத்துக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணாச்சி. நானா இருந்தாலும் இப்படித்தான் கட்டியிருப்பேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சுடலைமுத்து அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஜெபராஜ் வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினார். விரல்கள் பறந்தன. எதிரி சுருண்டு விழுந்தான். கீழே ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண்கள் வேடிக்கை பார்க்க மேலே வந்து கைதட்டினார்கள்.

"சார், மெஷின் பக்கத்துலதான் இருக்கா?" என்று சிரித்தார் ஜெபராஜ். "ஒரு மூச்சு சத்தம்கூட இல்லையே!"

கையை நீட்டி, கன்றுக்குட்டியின் முதுகைத் தடவுகிறவர்போல மெஷினைத் தடவினார். மேல்பக்கம், முன்பக்கம். பக்கவாட்டுக் கதவுக்கு வந்ததும் கை நின்றது.

"கண்ணாடி போடலியா சார்?"

"இல்லை சார். இரும்பு. சத்தத்தை நல்லா அடக்கும்."

"அப்ப லைட்டு?"

சுடலைமுத்து இழுத்தார். "சார், உங்களுக்கு... லைட்டு எதுக்குன்னு..."

எஸ்தர்தான் முதலில் சிரித்தார்.

"லைட் இல்லாத மெஷினைக் கொண்டு போனா எங்க தெருக்காரங்க இவரை உள்ளயே விட மாட்டாங்க அண்ணே."

"ஃபைனல்னா எங்க தெருவே எங்க வீட்டு ஹால்லதான் இருக்கும் சார்" என்றார் ஜெபராஜ். "நான் ஜெயிக்கிறப்ப கத்துறது இருக்கட்டும். அதுக்கு முன்னாடி, ஸ்விட்சைப் போட்டு லைட் எரிஞ்ச உடனே எல்லாரும் சேர்ந்து 'ஆ'ன்னு ஒரு சத்தம் போடுவாங்க பாருங்க. அதைக் கேட்டாத்தான் எனக்கு ஆட்டமே தொடங்கும்."

சுடலைமுத்து நிஷாவைப் பார்த்தார். நிஷாவும் அவரைப் பார்த்தார். பிறகு ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார்கள்.

ஒதுக்கிவைத்த கண்ணாடிக் கேபினெட் திரும்பி வந்தது. அதிலிருந்த வண்ண ஃபேன்கள் இரைந்தன. கடையைப் புரட்டி, மெதுவாகச் சுற்றும் வண்ண ஃபேன்களைத் தேடி எடுத்தார்கள். அவற்றின் விளக்கு வயர் போர்டின் முனையில் பொருந்தவில்லை. சுடலைமுத்து நடுவில் ஒரு சின்னக் கன்ட்ரோலரை வைத்து இணைத்தார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பஞ்சைக் கத்தரித்து, கண்ணாடி இல்லாத பக்கமெல்லாம் ஒட்டினார்.

"என்ன கலர் வைக்கட்டும் சார்?"

"எல்லாம் மாறி மாறி வரட்டும். ஒரே கலர் வச்சா எங்க தெருவுல அடிதடி ஆயிரும்."

ஸ்விட்சைப் போட்டார்.

ஜவுளிக்கடைப் பெண்களின் வாயிலிருந்து ஒரே நேரத்தில் அந்த 'ஆ' வந்தது. எஸ்தரிடமிருந்து வந்தது. தன் தொண்டையிலிருந்தும் அது வந்துவிட்டதை சுடலைமுத்து பிறகுதான் உணர்ந்தார்.

ஜெபராஜ் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் சார். இதேதான்."

திங்கள்கிழமை காலை போன் வந்தது. சுடலைமுத்து பரபரப்பாக எடுத்து, நிஷாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜெயிச்சீங்களா சார்?"

"தோத்துட்டேன் சார்!" ஜெபராஜின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கடைசி ரவுண்டுல எங்க ஆளுங்க கத்துன கத்துல எதிராளி வந்ததே காதுல விழல. ஹெட்போனையும் தாண்டிக் கத்துறானுங்க! அடுத்த மாசம் மறுபடி இருக்கு. நீங்களும் டீச்சரும் கண்டிப்பா வரணும். ஆனா வாயைத் திறக்கக்கூடாது."

போனை வைத்த பிறகும் இருவரும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சுடலைமுத்து கேட்டார்.

"டீச்சர், அன்னைக்கு அவர் கதவுல கையை வைக்காம இருந்திருந்தா? நல்லா இருக்குன்னு சொல்லிட்டு அப்படியே எடுத்துட்டுப் போயிருந்தா?"

நிஷா ஒரு திருகாணியை முடுக்கியபடியே சொன்னார்.

"எடுத்துட்டுப் போயிருப்பார் அண்ணாச்சி. நாமளும் எல்லாம் பொருந்திருச்சுன்னு சொல்லி டீ குடிச்சிருப்போம்."