தட்டி கட்டிய குளம்

ஆவாரங்காட்டில் ஒரு குளம் இருந்தது. அதில் ஒரு காட்டுப்பன்றி செத்து மிதந்தது.

செத்ததை அப்புறப்படுத்துவது காட்டுச் சபையின் வேலை. அதற்காகத்தான் ஒவ்வொரு மிருகமும் தான் தேடிய இரையில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுத்துவந்தது. பங்கு வருவதற்குக் கொஞ்சம் தாமதமானால் போதும், சபைத் தலைவர் கரடியார் வாசலில் வந்து நின்று உறுமுவார். குளத்தில் பன்றி செத்தால் மட்டும் அவர் காது அடைத்துக்கொள்ளும்!

குளக்கரையில் சிலுப்பி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். அவளுடைய குட்டி அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லை. அருவிக்குப் போக மலை ஏற வேண்டும். குட்டியோ எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

சிலுப்பி சபைக்கு ஓடினாள். கரடியார் தேனடையை நக்கிக்கொண்டிருந்தார்.

“தலைவரே, குளத்துல பன்னி செத்து நாறுது! என் குட்டி சாகக் கிடக்குது!”

“அப்படியா? கவனிக்கிறேன்மா.”

“எப்போ கவனிப்பீங்க?”

“நாளைக்குச் சிங்க மகாராஜா நம்ம காட்டைப் பார்க்க வர்றார். அவர் வந்துட்டுப் போகட்டும்!”

“கழுகுங்களை அனுப்புங்க, ஒரு நொடியில தூக்கிடும்!”

“கழுகுங்களுக்கு வேற வேலை இருக்கு. நீ போ!”

என்ன வேலை என்பதைத் திரும்பும் வழியில் சிலுப்பி பார்த்தாள். பெரிய பாதையில் கழுகுகள் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தன. பாதையின் இரண்டு ஓரமும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தார்கள். பிணம் தூக்கும் கழுகுக்குத் தோரணம் கட்டும் உத்தியோகம்! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“ஏன்பா, உங்க வேலை குளத்துல மிதக்குதே!” என்று கத்தினாள்.

“தெரியும் அக்கா,” என்றது ஒரு கழுகு. “குளத்துப் பக்கம் போனா எங்களைக் காட்டை விட்டே துரத்திடுவேன்னு தலைவர் சொல்லிட்டாரே!”

வீட்டுக்கு வந்தால் வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. குளத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு ஓலைத் தட்டி கட்டியிருந்தது! நாற்றம் தெரியாமலிருக்கத் தட்டி நெடுகத் தாழம்பூ செருகியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். கரடியார் ஒரு குளத்தையே ஓலையில் மறைத்துவிட்டார்.

“அம்மா, தண்ணி...” என்று குட்டி முனகியது. சிலுப்பி ஒரு கிழங்கைக் கடித்து, அதன் சாற்றைக் குட்டியின் நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டாள். இன்னும் ஒரு நாள் இப்படிப் போனால் பிள்ளை தங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சிங்க மகாராஜா வந்தார். கரடியார் முன்னால் குனிந்து குனிந்து நடந்தார்.

“நம்ம காட்டுல எந்தக் குளத்துத் தண்ணியும் இளநீர் மாதிரி, மகாராஜா!”

அப்போது சிலுப்பி பாதையின் நடுவில் வந்து நின்றாள். உடம்பு முழுக்க முள் சிலிர்த்து நின்றது.

“இது என்ன?” என்று கேட்டார் சிங்கம்.

“முள்ளை விரிச்சு வரவேற்கிறது எங்க வழக்கம், மகாராஜா!” என்று சிரித்து மழுப்பினார் கரடியார்.

“வரவேற்பு இல்லை, வயித்தெரிச்சல்!” என்றாள் சிலுப்பி. “மகாராஜா, நீங்க வர்றீங்கன்னுதான் எங்க குளத்துல பிணம் கிடக்குது! அதைத் தூக்க வேண்டிய கழுகெல்லாம் உங்களுக்கு மாவிலை கட்டுது!”

சிங்கத்தின் முகம் சுருங்கியது.

“எந்தக் குளம்?”

“இந்தப் பக்கம் குளமே இல்லை, மகாராஜா!” என்றார் கரடியார்.

சிலுப்பி திரும்பினாள். முள்ளம்பன்றி பின்பக்கமாகத்தானே பாயும்! அவள் பின்னோக்கியே ஓடிப்போய்ப் பாதையோரத்தில் குளத்தை மறைத்திருந்த தட்டியில் மோதினாள். ஓலை கிழிந்து தட்டி சரிந்தது. குப்பென்று கிளம்பிய நாற்றத்தில் மகாராஜாவே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இளநீர் என்றாயே, கரடி! எங்கே, நீ ஒரு வாய் குடி பார்ப்போம்!”

கரடியார் பின்வாங்கினார். “எனக்கு... எனக்கு அருவித் தண்ணிதான் ஒத்துக்கும், மகாராஜா...”

“குளத்துல பாசி எடுக்க வேண்டிய குரங்குங்கதான் இவர் வீட்டுக்குச் சுரைக்குடுக்கையில அருவித் தண்ணி சுமக்குது!” என்றாள் சிலுப்பி. வரவேற்க வந்து நின்ற குரங்குகள் தலையைக் குனிந்துகொண்டன.

மகாராஜாவுக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் வெட்கமும் வந்தது. தமக்கென்று கொண்டுவந்த அருவித் தண்ணீரை அப்படியே சிலுப்பியின் குட்டிக்குக் கொடுக்கச் சொன்னார்.

“கழுகுகளே, தோரணத்தை விட்டுவிட்டுக் குளத்துக்குப் போங்கள்! கரடி, இன்று முதல் உனக்கு அருவித் தண்ணீர் கிடையாது. இந்தக் குளத்தில்தான் நீ குடிக்க வேண்டும்!”

கழுகுகள் பன்றியைத் தூக்கிக்கொண்டு போயின. கரடியாருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. உடனே அவரே குளத்தில் குதித்தார்! அழுகின தண்ணீரை மடை திறந்து வெளியேற்றினார், பாசியை வாரிக் கொட்டினார், ஊற்றுக்கண்ணைத் தோண்டிவிட்டார். இத்தனை நாள் வராத சுறுசுறுப்பு தொண்டை காய்ந்ததும் எங்கிருந்தோ வந்துவிட்டது!

குட்டி பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் ஒரு சருகு விழுந்தாலும் கரடியார்தான் முதலில் ஓடிவந்து எடுத்தார்.

ஊரார் குடிக்கும் தண்ணீரைத் தானும் குடிக்காதவனிடம் ஊர்க் குளத்தை ஒப்படைக்கக் கூடாது.