பிறந்தநாள் பாட்டுக்கு எந்தச் சுருதி

எழும்பூரில் ஒரு பழைய ஹோட்டல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஜெசிந்தா தனியாகப் பியானோவில் ஜாஸ் வாசிப்பார். பியானோவை ஒரு தூணுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்பீக்கரில் ஏதோ ஓடுகிறது என்றே நினைத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் ஜாஸ் கேட்கிறவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அந்த வேனில் இருப்பவர்களுக்கும் ஜெசிந்தாவின் பெயர் தெரியாது.

தயாபரனுக்குத் தெரியும். அவர் சினிமாவில் கீபோர்டு வாசிக்கிறவர். பாதி வாழ்க்கையை ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் ஹெட்போனோடு கழித்தவர். ஒருமுறை அந்த ஹோட்டலில் ஒரு தயாரிப்பாளருக்காகக் காத்திருந்தபோது தூணுக்குப் பின்னாலிருந்து அந்த வாசிப்பைக் கேட்டார். தயாரிப்பாளர் வந்தார், பேசினார், போனார். என்ன பேசினார் என்று தயாபரனுக்கு இன்றுவரை தெரியாது. மறுநாளே ஜெசிந்தாவிடம் மாணவராகச் சேர்ந்துகொண்டார்.

ஜெசிந்தா அவரைவிட வயதில் நன்றாகவே சின்னவர். தலை நரைத்த சீடர் ‘டீச்சர்’ என்பார். டீச்சர் பதிலுக்கு ‘சார்’ என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

அன்று தயாபரன் சீக்கிரமே வந்துவிட்டார். ஜெசிந்தா பியானோ மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை கச்சேரிய கேன்சல் பண்ணிடலாம்னு இருக்கேன், டீச்சர்.”

அது அவருடைய முதல் தனிக் கச்சேரி. நண்பர்கள் அரங்கம் பிடித்து, நோட்டீஸ் அடித்து, ஊரைக் கூட்டியிருந்தார்கள்.

“ஏன் சார்?”

“பயமா இருக்கு. டிரம்ஸ் இல்ல, பேஸ் கிட்டார் இல்ல. ஸ்டூடியோன்னா காதுல டிக் டிக்னு தாளம் ஓடிக்கிட்டே இருக்கும், அதப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவேன். தனியா உட்கார்ந்தா கை நடுங்குது. நீங்க எப்படி இத்தன வருஷமா தனியாவே வாசிக்கிறீங்க?”

ஜெசிந்தா துணியை மடித்து வைத்தார்.

“உட்காருங்க. ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க.”

வாசிக்கத் தொடங்கினார். இடதுகை பேஸ் வாசிப்பவனைப் போல நிதானமாக நடந்தது. வலதுகை உடனே வந்து சேர்ந்துகொள்ளவில்லை. பாட்டு வர வேண்டிய இடத்தில் வராமல், இனி வராது என்று கேட்பவர் விட்டுவிட்டபோது ஓரமாக நுழைந்தது. காபி மெஷின் சீறியபோது கை நின்றது. சீறல் அடங்கியதும் அதன் சுருதியிலிருந்தே ஒரு ஸ்வரம் கிளம்பியது. தயாபரனுக்கு மெய் சிலிர்த்தது. காபி மெஷினோடு கை நின்று கிளம்பியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது தற்செயல் என்று விட்டுவிட்டார்.

ஒரு குடும்பத்தின் மேஜைக்கு கேக் வந்தது. கேக் வந்தால் பிறந்தநாள் பாட்டு வாசிக்க வேண்டும் என்பது அந்த ஹோட்டலின் வழக்கம். ஜெசிந்தா வாசித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் உதறவில்லை. இடதுகை நடந்துகொண்டே இருந்தது. குடும்பம் பாட ஆரம்பித்தது, ஆளுக்கொரு சுருதியில். ஒரு மாமா எல்லோரையும் அமுக்கிக்கொண்டு பாடினார். பியானோ மாமாவின் சுருதிக்குப் போய் உட்கார்ந்தது. இரண்டாவது வரிக்குள் மற்றவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். பாடி முடித்துத் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள். பியானோ பக்கம் யாரும் திரும்பவில்லை. ஜெசிந்தாவின் கைகள் பழைய பாட்டுக்கே போய்விட்டன.

இடைவேளையில் அவர் வந்து உட்கார்ந்ததும் தயாபரன் பொருமினார்.

“உங்க கைக்கு இந்த வேலையா டீச்சர்? கேக்குக்கெல்லாம் வாசிச்சுக்கிட்டு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.”

“அப்படியா? அடுத்த கேக்குக்கு நீங்க வாசிங்க. நான் காபி குடிக்கிறேன்.”

அடுத்த கேக்குக்கு அதிக நேரம் ஆகவில்லை. சிறிய கேக். ஜன்னலோரம் ஒரு கணவன், மனைவி மட்டும். கணவர் எழுந்து நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தயாபரன் பியானோவில் உட்கார்ந்தார். ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. சுருதியை வாசிக்கிறவர்கள் முடிவு செய்வார்கள், பாடுகிறவர் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். அவரும் தன் சுருதியில் எடுத்தார். அந்தச் சாதாரணப் பாட்டுக்கு யாரும் நினைத்துப் பார்க்காத கார்டுகளை, பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அடுக்குகளை, போட்டார். மெட்டைப் பிரித்தார், மேலே கொண்டுபோனார், அங்கிருந்து அருவியாகக் கொட்டினார். கை நடுங்கவே இல்லை.

சாப்பாட்டுக் கூடமே திரும்பிப் பார்த்தது. பேச்சு நின்றது. சிலர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். முடித்ததும் கைதட்டல். மேனேஜர் தேடி வந்து கைகொடுத்தார்.

தயாபரன் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. சந்தோஷம்.

“எப்படி டீச்சர்?”

“ரொம்ப நல்லா இருந்தது. அந்தக் கடைசி கார்டு எனக்குத் தோணியிருக்காது.”

அதை அவர் மனதாரவே சொன்னார். பிறகு காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

“அவர் எந்தச் சுருதியில ஆரம்பிச்சார்?”

“யாரு?”

“அந்தம்மாவோட வீட்டுக்காரர்.”

தயாபரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். மனைவி இன்னும் பியானோ பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் தலையைக் குனிந்து கேக்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார்.

“அவர் பாடினாரா?”

“ஆரம்பிச்சார். கீழ் சுருதி, கூச்சம் வேற. உங்களோட சேர முடியல. சிரிச்சுட்டு நிறுத்திட்டார்.”

தயாபரனுக்கு உடம்பு கூசியது. கைதட்டிய மேஜைகள் மறுபடி தங்கள் பேச்சுக்குத் திரும்பியிருந்தன.

“தனியா எப்படி வாசிக்கிறதுன்னு கேட்டீங்க,” என்றார் ஜெசிந்தா. “எனக்குத் தெரியாது சார். நான் தனியா வாசிச்சதே இல்ல. இப்ப நீங்கதான் வாசிச்சீங்க.”

இடைவேளை முடிந்தது. ஜெசிந்தா எழுந்தார். தயாபரனும் எழுந்தார், எங்கே போவதென்று தெரியாமல்.

“ஞாயித்துக்கிழமை யாரும் பாட மாட்டாங்களே, டீச்சர். இருட்டுல சும்மா உட்கார்ந்திருப்பாங்க. அங்க நான் யாரோட வாசிக்கிறது?”

“போய் உட்கார்ந்ததும் உடனே ஆரம்பிச்சுடாதீங்க. கைய மடியில வச்சுக்கிட்டு இருங்க. யாராவது இருமுவாங்க. அதுலேர்ந்து எடுங்க.”