ரூபவதி செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்

இந்தக் கதையில் சீடருக்கு வயது அறுபத்து நான்கு, குருவுக்கு முப்பத்திரண்டு. தாடி, காவி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். குரு ஸ்கூட்டியில் வருவார். பெயர் இசக்கித்தாய்.

சீடர் வேதநாயகம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறைக்காக முப்பது வருஷம் செடிகொடிகளை வரைந்தவர். இதழை எண்ணி, காம்பை அளந்து வரைவார். முடித்ததும் தாளின் கீழ் மூலையில் இத்தனை சென்டிமீட்டர் என்று ஓர் அளவுக் கோடு போடுவார். அந்தக் கோடு இல்லாமல் ஒரு படமும் அவர் கையைவிட்டுப் போனதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆயிரம் பூக்களை வரைந்தாயிற்று, மனைவி ரூபவதியை ஒருமுறைகூட வரைந்ததில்லை. வண்ணத்தைத் தாராளமாக ஓடவிட்டுப் பூவும் மனிதரும் வரையக் கற்றுத்தரும் இசக்கித்தாயிடம் போய்ச் சேர்ந்தார்.

நான்கு மாதம் கழித்து, மனைவிக்குத் தெரியாமல் அவள் படத்தை வரைந்து முடித்து, ஆசையாக அவளிடம் நீட்டினார்.

"லெச்சணமா இருக்காளே," என்றாள் ரூபவதி. "யாருங்க இது?"

கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் படத்தைக் கொண்டுபோய் இசக்கித்தாய் முன்னால் வைத்தார்.

"டீச்சர், எதுல தப்பு?"

"எதைப் பாத்து வரைஞ்சிய?"

"அவளோட போட்டோ பத்து எடுத்து வச்சுக்கிட்டேன்."

"பத்து எதுக்கு?"

"ஒரு பூவை நம்பி வரையக் கூடாது டீச்சர். ஒண்ணுல இதழ் கிழிஞ்சிருக்கும். ஒண்ணைப் பூச்சி அரிச்சிருக்கும். அதையெல்லாம் தள்ளிட்டு, எல்லாப் பூவுக்கும் பொதுவா உள்ளதை மட்டும் எடுத்துக்கணும்."

"அம்மாகிட்ட எதையெல்லாம் தள்ளினிய?"

வேதநாயகம் குனிந்து படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"காலையில வீட்டுக்கு வாறேன்," என்றார் இசக்கித்தாய்.

சொன்னபடி வந்தார். ரூபவதி காபி கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். அடுக்களை ஜன்னல் வழியாக அவள் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது தெரிந்தது.

இசக்கித்தாய் சீடரின் பென்சிலை வாங்கி ஓரமாக வைத்தார். தடித்த பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"வாளித் தண்ணி தீருறதுக்குள்ள படம் முடியணும்."

"அவ ஆடிக்கிட்டே இருக்காளே டீச்சர்!"

"ஆமா."

"பூவுக்கு இதழ் எண்ண வேண்டாமா?"

"தண்ணி தீரப்போகுது சார்."

வேதநாயகம் பதறிப்போய்ப் பிரஷை நனைத்தார். பச்சைச் சேலைக்கு மூன்று இழுப்பு. வாளியின் கனத்துக்கு ஒரு பக்கமாகச் சரிந்த தோள். செம்பருத்திக்குச் சிவப்பைத் தொட்டு வைத்தார், அது ஈரத்தில் பரவி அவள் கை வரைக்கும் ஓடிவிட்டது. முகத்துக்கு நேரமே இல்லை. அதற்குள் வாளி காலி.

"கெட்டுப்போச்சு," என்றார். "கண்ணு இல்ல, மூக்கு இல்ல. பூவும் வழிஞ்சுட்டு."

இசக்கித்தாய் காபியைக் குடித்தார்.

ரூபவதி உள்ளே வந்தாள். மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்த தாளைப் பார்த்ததும் வாளியை அப்படியே கீழே வைத்தாள்.

"அய்யய்யோ! சேலையை இம்புட்டு உயரத் தூக்கிச் செருகிக்கிட்டா நிக்கேன்? டீச்சர் வந்திருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லப்படாதா நீங்க?"

வேதநாயகத்துக்கு அவ்வளவு சந்தோஷம். அதை மறைக்க, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் இன்னொரு பென்சிலை எடுத்தார். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகத் தாளின் கீழ் மூலைக்குப் போனது.

"அளவு எவ்வளவுன்னு போடுவிய, சார்?" என்று கேட்டார் இசக்கித்தாய்.

வேதநாயகம் மனைவியைப் பார்த்தார். அவள் செருகலை இழுத்துவிட்டபடி இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்சிலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.